மிங் பேரரசின் ரகசியக் காவல் அமைப்புகள்: மூன்றில் எது கொடியது?

சீனச் சரித்திரத் தொடர்களைப் பார்ப்பவர்களுக்குப் பூவேலை அங்கியும் இடுப்பில் மெலிந்த வாளுமாக வரும் ஆட்களைத் தெரிந்திருக்கும். ஜின்யிவெய், அதாவது பூவேலை அங்கிக் காவல்படை. அதோடு கிழக்குப் பணிமனை, மேற்குப் பணிமனை என்று இன்னும் இரண்டு உளவு அமைப்புகளின் பெயர்கள் அடிபடும். எல்லாம் ஒன்றுதான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, இவை ஒன்றோடொன்று மோதியவை. எது கொடியது என்று கேட்டால், சித்திரவதைக் கருவிகளை எண்ணிப் பார்த்துப் பதில் சொல்ல மாட்டேன். யாருடைய பேச்சு பேரரசரின் காதை முதலில் எட்டியது என்பதைத்தான் பார்ப்பேன்.

முதலில் காவல்படை. மிங் வம்சத்தை நிறுவிய ஜூ யுவான்ஜாங் 1382-இல் இதை அமைத்தார். அரசரின் மெய்க்காவலும் ஊர்வலச் சடங்குகளும் வெளியே தெரிந்த வேலை. அரசர் சந்தேகப்பட்டவர்களைப் பிடித்து விசாரிப்பது உள்வேலை. இதற்கென்று தனிச் சிறையும் இருந்தது. வழக்கமான நீதித்துறைக்கு அங்கே இடமில்லை. ஆனால் 1387-இல் அதே அரசர் அந்தச் சித்திரவதைக் கருவிகளை எரிக்கச் சொல்லி, கைதிகளை நீதி அமைச்சகத்திடம் ஒப்படைத்தார். அதை வைத்து அவர் மனம் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 1393-இல் தளபதி லான் யூ மீது சதிக் குற்றம் சாட்டியவர் இதே படையின் தலைவர்தான். அந்த வழக்கில் ஏறத்தாழ 15,000 பேர் கொல்லப்பட்டார்கள்.

படைக்குப் பழைய அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தவர் யோங்லே பேரரசர். 1402-இல் அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்தவர் அவர். அப்படி வந்தவருக்கு யாரை நம்புவது என்ற கேள்வி விடாது. படைத் தலைவர் ஜி காங்கை வளர்த்துவிட்டார், 1416-இல் அவரையே கொன்றார். அப்புறம் 1420-இல் கிழக்குப் பணிமனையைத் திறந்தார்.

இதன் தலைவர் போர்வீரர் அல்ல, அண்ணகர் (விதை நீக்கப்பட்ட அரண்மனைப் பணியாளர்). அரண்மனைக்கு உள்ளேயே வாழ்பவர். வேறுபாடு முழுக்க இதில்தான் இருக்கிறது. காவல்படைத் தலைவர் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டுமென்றால் எழுதி, முறையாக மேலே அனுப்ப வேண்டும். பணிமனையின் செய்திக்கு அந்தத் தடை கிடையாது. நள்ளிரவில் வாயில் அடைத்திருந்தாலும் கதவிடுக்கு வழியாகச் சீட்டு உள்ளே போகும், நேரே பேரரசரிடம். இதனால் வீடுகளில் நடக்கும் அரிசி, உப்புச் சண்டைகள்கூட அரண்மனையில் சிரித்துப் பேசும் கதையாயின என்று மிங் வரலாறு சொல்கிறது. இதைப் படிக்கும்போது எனக்கு வதைகளைப் படிப்பதைவிட வயிறு கலங்குகிறது. தன் வீட்டு அடுப்படிப் பேச்சு எங்கே போகிறது என்று தெரியாமல் ஒருவர் எப்படித் தூங்கியிருப்பார்?

ஆனால் பணிமனைக்குச் சொந்த ஆட்கள் குறைவு. அதிகாரிகளும் உளவாட்களும் காவல்படையிலிருந்தே வந்தார்கள். பிடிபட்டவர்கள் பெரும்பாலும் காவல்படையின் சிறைக்கே போனார்கள். பணிமனையின் கை ஓங்கினால் படை அதோடு ஒட்டிக்கொள்ளும், தாழ்ந்தால் படை மேலே ஏறிக்கொள்ளும். ஜியாஜிங் பேரரசர் காலத்தில் நடந்தது இரண்டாவது. படைத் தலைவர் லூ பிங்கின் தாய் அந்தப் பேரரசருக்குப் பாலூட்டியவர். 1539-இல் தீ விபத்தில் பேரரசரைக் காப்பாற்றியவரும் லூ பிங்தான். அவருடைய நெருக்கத்துக்கு முன்னால் பணிமனை ஒடுங்கியது. பணிமனையின் மா குவாங் செய்த ரகசியக் குற்றங்களை லூ பிங் அம்பலமாக்க, மா குவாங் உயிரே போனது.

மேற்குப் பணிமனை 1477-இல் வந்தது. மந்திரவாதி ஒருவன் அரண்மனைக்குள் நுழைந்த விவகாரம் செங்ஹுவா பேரரசரைப் பயமுறுத்த, வாங் ஜி என்ற இளம் அண்ணகரை மாறுவேடத்தில் ஊருக்குள் அனுப்பினார். பிறகு அவருக்கென்றே ஓர் அமைப்பு. கிழக்கைப்போல இரு மடங்கு ஆட்கள். பதவி வரிசையில் மூன்றாம் படியில் இருந்த உயர் அதிகாரிகளின் வீடுகளையே அனுமதி கேட்காமல் சோதித்தார்கள். தலைமை அமைச்சர் ஷாங் லூவும் மற்றவர்களும் எழுதிய முறையீட்டால் சில மாதங்களிலேயே மூடப்பட்டது. அடுத்த மாதமே மீண்டும் திறந்தது, ஷாங் லூ பதவி விலகினார்.

அதை உண்மையில் வீழ்த்தியது அமைச்சர்களின் முறையீடு அல்ல, போட்டிப் பணிமனை. கிழக்குத் தலைவர் ஷாங் மிங், வாங் ஜி கசியவிட்ட அரண்மனை ரகசியங்களைச் சேகரித்துப் பேரரசரிடம் சொன்னார். 1482-இல் கடை மூடப்பட்டது. ஒரே ஆளின் செல்வாக்கில் நின்றதால் அவர் விழுந்ததும் அதுவும் விழுந்தது. 1506-இல் மறுபடி உயிர்பெற்று, அதிகாரம் மிக்க அண்ணகர் லியு ஜின் கொல்லப்பட்ட 1510-இல் முடிந்தது. அவர் எல்லோரையும் கண்காணிக்க வைத்திருந்த உள் பணிமனையும் அதோடு போனது.

ஆகவே என் கணிப்பு கிழக்குப் பணிமனைதான் என்று போகிறது. மிங் ஆட்சி முடிந்த 1644 வரை நீடித்தது அது. அண்ணகர் வெய் ஜோங்ஷியான் கையில் இருந்தபோது காவல்படையும் அவர் சொற்படி ஆடியது. 24 குற்றங்களை அடுக்கி அவரைக் கண்டித்து 1624-இல் எழுதிய அதிகாரி யாங் லியான், மறு ஆண்டு காவல்படைச் சிறையில் வதைபட்டு இறந்தார். செய்தி ஒரு வாசல், சாவு இன்னொரு வாசல். இரண்டும் ஒரே கைக்குள் வந்துவிட்டால் தப்பிக்க வழியே இல்லை.

எல்லாத் தலைவர்களும் ஒரே மாதிரி இருந்தார்கள் என்று சொல்வது சரியல்ல. காவல்படையின் மோ பின், லியு ஜின் கேட்டபடி வாக்குமூலத்தைத் திருத்த மறுத்துத் தடியடி வாங்கினார். கிழக்குப் பணிமனையின் சென் ஜூவை நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். 1603-இல் பட்டத்து இளவரசர் விவகாரம் பற்றி ஓர் அநாமதேயத் துண்டறிக்கை வெளிவந்தது. பேரரசர் கொதித்தார். பகைவர்களை மாட்டிவிடப் பலர் துடித்தார்கள். கைதியான ஜியாவ் ஷெங்குவாங் அதை எழுதினார் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. அவர் முன்பு செய்த குற்றத்துக்கே மரணம்தான், வழக்கு நீண்டால் எண்ணற்றவர்கள் இழுக்கப்படுவார்கள் என்று கருதிய சென் ஜூ, பழியை அவர்மேலேயே போட்டு வழக்கை முடித்தார். பலர் உயிர் தப்பியது. ஜியாவ் ஷெங்குவாங் சிறிது சிறிதாக வெட்டிக் கொல்லப்பட்டார்.