பழைய ஃபிளாஷைப் புது கேமராவில் மாட்டலாமா?

குடியாத்தம், ஆரணி பக்கம் பழைய ஸ்டுடியோக்களின் பரணில் தேடினால் இன்றும் விவிட்டார் 283 ஃபிளாஷ் கிடைக்கும். நல்ல வலுவான வெளிச்சம். ஆனால் நேராக எடுத்து டிஜிட்டல் கேமராவில் மாட்டிவிடாதீர்கள். ஜப்பானில் தயாரான பழைய 283 பலவற்றின் நடு முள்ளில் (கேமராவைத் தொடும் அடிப்பாகத்தின் நடுவில் இருக்கும் முனை) 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும்; அது கேமராவின் சர்க்யூட்டைக் கருக்கிவிடலாம். பின்னால் வந்தவற்றில் 10 வோல்ட்டுக்கும் குறைவு. பெயர் ஒன்றுதான், அதனால் அளந்தே ஆகவேண்டும்.

மல்டிமீட்டரை டிசி 600 வோல்ட் அளவில் வையுங்கள். ஃபிளாஷின் ரெடி விளக்கு எரிந்ததும் நடு முள்ளில் மீட்டரின் சிவப்புக் கம்பி, ஓரத் தகட்டில் கருப்புக் கம்பி. எண் மெல்ல ஏறும்; நின்றபிறகு குறித்துக்கொள்ளுங்கள். நிக்கான் கையேடுகள் 250 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, மைனஸும் வரக் கூடாது என்கின்றன. கேனானின் ஆரம்பகால டிஜிட்டல் கேமராக்களுக்கு 6 வோல்ட்தான் பாதுகாப்பான எல்லை. 6-க்குக் கீழே வந்தால் தைரியமாக மாட்டலாம்.

உங்கள் கேமராவின் எல்லைக்கு மேல் வந்தால்? கேமரா மேலேயே ஃபிளாஷ் வேண்டும் என்பவர்களுக்கு வெயின் சேஃப் சிங்க் போன்ற அடாப்டர். உயர் வோல்ட்டேஜைக் கேமராவுக்குப் போகாமல் தடுத்துவிடும். விலையைப் பார்த்தால் பழைய ஃபிளாஷுக்குக் கொடுத்ததைவிட அதிகமாகிவிடும், அதுதான் எனக்கு உறுத்தல்.

என் ஓட்டு ஆப்டிகல் ஸ்லேவுக்கு, அதாவது கேமரா ஃபிளாஷின் வெளிச்சத்தைக் கண்டதும் பழைய ஃபிளாஷை அடிக்கவைக்கும் சின்ன சென்சாருக்கு. கேமராவோடு கம்பித் தொடர்பே இல்லை, வோல்ட்டேஜ் பயமும் இல்லை. நடு முள்ளே இல்லாத கேனான் 200டி மார்க் 2-க்கும் இது ஒத்துவரும். வாங்கும்போது முன்மின்னலை (படம் எடுக்கும் முன் வெளிச்சத்தை அளக்கக் கேமரா ஃபிளாஷ் அடிக்கும் சின்ன மின்னல்) கண்டுகொள்ளாத டிஜிட்டல் ஸ்லேவா என்று கேளுங்கள். சாதா ஸ்லேவ் முன்மின்னலுக்கே ஃபிளாஷை அடித்துவிடும்; ஷட்டர் திறக்கும்போது ஃபிளாஷ் காலியாக இருக்கும். கல்யாண மண்டபத்தில் அடுத்த கேமராக்காரர் அடிக்கும் ஃபிளாஷுக்கும் உங்களுடையது சேர்ந்து அடிக்கும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின் பகல் வெயிலில் இதை நம்ப முடியாது.

அங்கே ரேடியோ ட்ரிகர்தான் சரி: கேமராவில் மாட்டும் அனுப்பி ரேடியோ அலையில் சொல்ல, ஃபிளாஷில் மாட்டிய ரிசீவர் அதை அடிக்கவைக்கும். வோல்ட்டேஜ் அதிகமானாலும் கருகுவது ரிசீவர், கேமரா அல்ல. ரிசீவரின் எல்லையையும் பார்த்து வாங்குங்கள்.

மாதம் முழுக்க முகூர்த்த வேலை இருப்பவர் கோடாக்ஸ் டிடி600 மாதிரி புது மேனுவல் ஃபிளாஷ் வாங்கிவிடுவது நல்லது. ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிறது.

பழையதைக் கழற்றிப் பார்க்க மட்டும் துணியாதீர்கள். ஆஃப் செய்து பேட்டரியை எடுத்த பிறகும் உள்ளே மின்சாரத்தைச் சேமிக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் வரை தங்கியிருக்கும்.