மோவாப் பாறைத் தடங்கள்: வழிகாட்டி ஓட்டும் வண்டியா, யூடிவியா, வாடகை ஜீப்பா?

யூட்டா மாநிலத்தின் மோவாபில் பாலைவனத் தடம் என்றதும் மணல்மேட்டை எதிர்பார்க்க வேண்டாம். ஊரை ஒட்டியுள்ள சாண்ட் ஃப்ளாட்ஸ் பகுதியில் பெரும்பாலும் சக்கரத்துக்கு அடியில் இருப்பது வெறும் மணற்பாறை. இரும்பு லாடம் அடித்த குதிரைகளுக்கு வழுக்கியதால் அதற்கு ஸ்லிக்ராக் என்று பெயர். ரப்பர் டயரை அதே பாறை உப்புத்தாள் போலப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கண்ணுக்கு ஏறவே முடியாததாகத் தெரியும் சரிவிலும் வண்டி ஏறிவிடுகிறது.

இங்கே வழிகாட்டியோடு போக மூன்று வழிகள் உண்டு. எந்த வழியானாலும், வழிகாட்டிக்குக் கொடுக்கும் பணம் சக்கரத்தை எங்கே வைப்பது என்று அவர் காட்டுவதற்குத்தான். அதை எவ்வளவு நெருக்கமாகக் காட்டுகிறார் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

வழிகாட்டியே ஓட்டும் பெரிய திறந்த வண்டியில் உங்களுக்கு வேலை எதுவும் இல்லை. பெல்ட் போட்டு உட்கார்ந்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஹெல்ஸ் ரிவெஞ்ச் தடத்தைச் சுற்றிக் காட்டிவிடுவார்கள். வயதானவர்களும் குழந்தைகளும் கூட வந்தால் இதுவே சரி. ஆனால் கழுத்து வலி, முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தத் தடத்தில் எந்த வண்டியிலும் ஏறக் கூடாது.

யூடிவி என்பது இரண்டு அல்லது நான்கு பேர் அமரும், குழாய்க் கூண்டு போட்ட சிறிய வண்டி. முன்னே வழிகாட்டி போக, பின்னே நீங்கள் ஓட்டிச் செல்வீர்கள். சஸ்பென்ஷன் நீளமாக விரிந்து சுருங்கும், எடை குறைவு. புதியவருக்கும் முதல் பத்து நிமிடத்திலேயே தைரியம் வந்துவிடும், ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. வண்டி சாயும்போது கை தானாக வெளியே நீளும், கூண்டு அந்தக் கையின் மேலேயே விழும். பக்கவாட்டு வலையையும் கதவையும் பூட்டிவிட்டு, கையை உள்ளேயே வையுங்கள். ஏற்றத்தில் ஹை கியரில் மிதித்தால், இன்ஜின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட் சூடேறிக் கருகும். ஏறத் தொடங்கும் முன்பே லோ கியருக்கு மாற்றுங்கள். இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டால் சில மாடல்களில் கிளட்ச் விலகி, வண்டி தன்போக்கில் ஓடத் தொடங்கும். லேசாக மிதித்தபடி, பிரேக்கையும் சேர்த்து இறங்க வேண்டும். முன் கண்ணாடி பெரும்பாலும் இருக்காது, ஆகவே கண்ணுக்கு மூடிய கண்ணாடியும் மூக்குக்குத் துணியும் அவசியம். இதன் பெரிய குறை, வழிகாட்டி தன் வண்டியிலேயே இருப்பார், உங்கள் சக்கரம் அவர் கண்ணில் படாது.

ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவருக்கு மூன்றாவது வழியையே பரிந்துரைக்கிறோம்: உள்ளூரில் வாடகைக்கு எடுத்த ஜீப் ராங்ளர் ரூபிகான், கூடவே இறங்கி நின்று கைகாட்டும் வழிகாட்டி. ரூபிகானில் மெதுவாக, அதிக இழுவிசையோடு ஊர உதவும் லோ ரேஞ்ச் (4எல்) 4:1, முன் பின் இரண்டு ஆக்சிலிலும் இரு பக்கச் சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் லாக் உண்டு. தடத்தின் வாசலிலேயே டயர் காற்றை 36 பிஎஸ்ஐயிலிருந்து 18-20க்கு இறக்குங்கள். டயர் பாறையில் படரும், குலுக்கலும் குறையும். 12க்குக் கீழே போனால், சாதாரண ரிம்மில் பக்கவாட்டு அழுத்தம் விழும்போது டயர் கழன்றுகொள்ளும். திரும்பும்போது காற்று நிரப்ப கம்ப்ரசர் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். 4எல்-க்கு மாற்ற, வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே நியூட்ரலுக்கு வந்து இழுக்க வேண்டும். முழுதாக நிறுத்திவிட்டு இழுத்தால் பல் சேராமல் முரண்டு பிடிக்கும்.

ஏற்றத்தின் நடுவே பானட் வானத்தைப் பார்க்கும், பாறையே தெரியாது. அப்போது தெரிவது மேலே நிற்கும் வழிகாட்டியின் இரண்டு கைகள் மட்டும். அவர் காட்டும் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். மூடிய முஷ்டி என்றால் நில். கட்டைவிரல்களை ஸ்டீயரிங்கின் உள்ளே கோக்காதீர்கள். சக்கரம் கல்லில் மோதினால் வளையம் வெட்டித் திரும்பி விரலைப் பதம் பார்க்கும். பாதியில் நின்றுவிட்டால் ரிவர்ஸ் போட்டு நேராகவே பின்னிறங்குங்கள். திருப்பிவிடலாம் என்று குறுக்கே வளைத்தால் வண்டி உருளும்.

விமான நிலையத்தில் எடுக்கும் வாடகை வண்டிக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. அந்த ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட தடங்களில் ஓட்டுவதையே தடுக்கும். உள்ளூர்க் கடையிலும் அனுமதித்த தடங்களின் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். ஹெல்ஸ் ரிவெஞ்சுக்கு அனுமதி இருந்தாலும், ஹெல்ஸ் கேட் போன்ற, விரும்பினால் மட்டும் ஏறும் கடினமான இடங்களில் நேரும் சேதம் உங்கள் தலையில் விழலாம்.

தடத்தைப் பொறுத்தும் தேர்வு மாறும். கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் ஒயிட் ரிம் சாலை சுமார் 160 கி.மீ. அங்கே யூடிவிக்கு அனுமதியே இல்லை. ஜீப்புக்கும் முன் அனுமதிச் சீட்டு வேண்டும். வழியில் பெட்ரோலும் கிடையாது, குடிநீரும் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் கணக்கிட்டு ஏற்றுங்கள். வண்டி பழுதானால் இழுத்துவரும் செலவு ஆயிரம் டாலரைத் தாண்டும். பூங்காவுக்குள் கட்டணத்துக்கு அழைத்துப் போகப் பூங்கா நிர்வாகத்தின் உரிமம் தேவை. அது உங்கள் வழிகாட்டியிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கோடையில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் நல்ல காலம்.

சாண்ட் ஃப்ளாட்ஸில் ஹெல்ஸ் ரிவெஞ்சுக்குத் தீச்சுடரும் ஃபின்ஸ் அண்ட் திங்ஸ் என்ற இன்னொரு தடத்துக்கு டைனோசரும் பாறையில் அடையாளமாக வரையப்பட்டிருக்கும். அடையாளம் கண்ணில் படாவிட்டால் நின்று தேடுங்கள். ஓரத்தில் கறுத்துப் பொருக்குத் தட்டியதுபோல் கிடக்கும் மண் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசியும் பின்னிய அந்த ஓடுதான் மணலைக் காற்று வாரிப்போகாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு முறை டயர் ஏறினால் அது மறுபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். எதிரே வண்டி வந்தாலும் அந்தப் பக்கம் ஒதுங்காதீர்கள். வெறும் பாறை கிடைக்கும் இடம்வரை பின்வாங்கி வழிவிடுங்கள்.