ரங்கூனும் போர்ட் லூயிசும்

ரங்கூனில் எங்கள் வீட்டுப் பேச்சு எங்கே தொடங்கினாலும், தாத்தாவின் கைவிட்டுப்போன துணிக்கடையில்தான் வந்து நிற்கும். நம்மைப் போலவே கப்பலேறிய தமிழர்கள், போர்ட் லூயிசைத் தலைநகராகக் கொண்ட மொரீஷியஸ் தீவிலும் உண்டு. இரண்டு நாடுகளையும் ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை.

மண்வளத்தில் பர்மாவுக்கு ஈடில்லை; போருக்கு முன் உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு. மொரீஷியசுக்குக் கரும்பு ஒன்றுதான், புயலடித்தால் அதுவும் போச்சு.

1962-ல் இங்கே ராணுவ ஆட்சி வந்தது. வங்கி, ஆலை, கடை எல்லாம் அரசுடைமை. நெல்லை அரசே குறைந்த விலைக்கு எடுத்ததால், கூடுதலாக விளைவிக்க உழவருக்கு மனம் வரவில்லை. 1964-ல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. 1987-ல் 25, 35, 75. ஒரே இரவில் காகிதமாகும் பணத்தை யார் வங்கியில் போடுவார்கள்? எங்கள் வீட்டில் இன்றும் சேமிப்பு என்றால் தங்கம்தான்.

1968-ல் விடுதலை பெற்ற மொரீஷியஸ், சர்க்கரை முதலாளிகளின் சொத்தைப் பறிக்காமல் ஏற்றுமதி வரி வாங்கியது. 1970-ல், ஏற்றுமதிக்கென்றே பொருள் செய்யும் ஆலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி மண்டலச் சட்டம். பிறகு ஆடை ஆலைகள் பெருகின. ஆட்சி தேர்தலில் மாறியது. வழக்கு, கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போகலாம். ஐரோப்பா சர்க்கரைக்குத் தந்த நல்ல விலையும் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் நாளைக்கும் தன் சொத்து தன்னுடையதே என்ற நம்பிக்கை இருந்ததால்தான் அந்தப் பணம் ஆலையாக மாறியது.