நார்வேயின் சீ கிங்: வடகோடியில் ஐம்பது ஆண்டு உழைப்பு, நிறை குறை

மீட்பு ஹெலிகாப்டரை எடை போடும்போது பலரும் வேகம், தூரம், தூக்கும் எடை என்று பட்டியலைத்தான் எடுக்கிறார்கள். வடதுருவ வட்டத்துக்கு மேலே அந்தப் பட்டியல் பாதிதான் உதவும். அழைப்பு வந்த நேரத்தில் வண்டி கிளம்பும் நிலையில் நின்றதா, கிளம்பிய வண்டி அந்த வானிலையில் போய்ச் சேர்ந்ததா என்ற இரண்டு கேள்விதான் அங்கே முக்கியம். நார்வே விமானப்படையின் சீ கிங் எம்கே 43 முதல் கேள்வியில் நன்றாகவே தேறியது. இரண்டாவதில் அரைகுறை. அதற்குப் பின் வந்த ஏடபிள்யூ 101 இரண்டாவதைச் சரிசெய்தது. ஆனால் பழைய வண்டி தராத தொல்லை ஒன்றைக் கூடவே கொண்டுவந்தது.

சீ கிங் நமக்குப் புதிதல்ல. வெஸ்ட்லேண்ட் நிறுவனம் ஏற்றுமதிக்கு எண் போட்ட வரிசையில் 41 ஜெர்மனிக்கு, 42 இந்தியக் கடற்படைக்கு, 43 நார்வேக்கு. விக்ராந்த், விராட் கப்பல்களில் இருந்து நீர்மூழ்கி தேடிய அதே குடும்பம். நார்வே வாங்கியதில் சோனார், அதாவது நீருக்கடியில் ஒலியால் தேடும் கருவி, கிடையாது. அந்த இடத்தை மீட்கப்பட்டவர்களை ஏற்றப் பயன்படுத்தினார்கள். கேபினின் பின்சுவரையும் பின்னுக்குத் தள்ளி நீளத்தைக் கூட்டினார்கள். பிரிட்டிஷ் விமானப்படை பின்னாளில் வாங்கிய மீட்பு வகையும் இந்த நீண்ட கேபினையே அடிப்படையாகக் கொண்டது.

முதலில் 10 வண்டி. 1972-ல் வந்து இறங்கின. 1973-ல் 330-வது படைப்பிரிவு சூலா, ஓர்லாண்ட், பூடோ, பானாக் ஆகிய நான்கு தளங்களில் வேலையைத் தொடங்கியது. ரிக்கே, ஃப்ளோரோ பின்னால் சேர்ந்தவை. இவற்றில் பானாக்தான் வடகோடி, ஏறக்குறைய 70 பாகை அட்சரேகை. வண்டியை ஓட்டுவது விமானப்படை, செலவு நீதித்துறை அமைச்சகத்தின் தலையில், பணிக்கு அனுப்புவது மீட்பு ஒருங்கிணைப்பு மையம். அந்த மையங்கள் இரண்டு: வடக்குக்குப் பூடோ, தெற்குக்குச் சூலா. இராணுவ வண்டி என்றாலும் அன்றாட வேலை முழுக்கப் பொதுமக்களுக்குத்தான். மீனவர், பனிச்சரிவில் சிக்கியவர், தீவில் பிரசவ வலி கண்டவர் என்று எல்லாமே இதே வண்டி.

வண்டிக்கு ஆறு பேர்: இரண்டு விமானிகள், ரேடார் பார்க்கும் நேவிகேட்டர், வின்ச் (கயிற்றில் ஆளை இறக்கி ஏற்றும் பொறி) இயக்கும் டெக்னீஷியன், கயிற்றில் இறங்கும் மீட்பாளர், ஒரு மருத்துவர். மருத்துவர் நிரந்தரமாகக் குழுவில் இருப்பது நார்வே முறையின் பெரிய பலம். 24 மணி நேரமும், அழைப்பு வந்த 15 நிமிடத்துக்குள் வண்டி மேலே எழும்ப வேண்டும் என்பது விதி. இந்த 15 நிமிடத்துக்காகவே எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஹேங்கருக்குள் கதகதப்பாக வைக்கிறார்கள். வெளியே நிறுத்திய வண்டியைச் சூடேற்றி, பிளேடிலிருந்து பனியைத் துடைத்துக் கிளப்புவதற்குள் அந்த 15 நிமிடம் எங்கோ போயிருக்கும்.

இனி பனிக்கு வருவோம். மைனஸ் 30 பாகைக் குளிர் பயங்கரம் என்று நினைப்போம். பறப்பதற்கு அது அவ்வளவு கெட்டதல்ல, காற்று உலர்ந்திருக்கும். ஆபத்து பூஜ்யத்துக்கும் மைனஸ் 10, 15-க்கும் இடையில் மேகத்துக்குள் இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே போயும் உறையாமல் மிதக்கும் நீர்த்துளிகள் எதன்மேல் பட்டாலும் அந்த நொடியே கெட்டியாகும். முதலில் கண்ணாடி வைப்பர் கையில் வெள்ளையாகத் தெரியும். அடுத்து, அதே வேகத்துக்கு டார்க் மீட்டர், அதாவது ரோட்டரைச் சுழற்ற எஞ்சின் தரும் முறுக்கு விசையைக் காட்டும் மானி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். பிளேடின் முன்விளிம்பில் பனி படிந்து வடிவம் கெட்டதன் அடையாளம் அது. பிறகு அதிர்வு. ஐந்து பிளேடில் ஒன்றின் பனி மட்டும் உதிர்ந்தால் சமநிலை போய் வண்டி முழுக்க ஆடும். இந்த நிலையில் எஞ்சின் நின்றால், ரோட்டரைத் தானாகச் சுழலவிட்டு இறங்குவதும் கடினம், கெட்டுப்போன பிளேடில் சுழற்சி சீக்கிரம் குறையும்.

சீ கிங்கின் பிளேடில் சூடேற்றும் வசதி இல்லை. எஞ்சின் காற்று வாய்களுக்கு முன்னால் அகலமான தடுப்புத் தட்டு ஒன்று இருக்கும்; எதிரே வரும் பனிக்கட்டி நேராக உள்ளே போகாமல் அது தடுக்கும். எஞ்சினுக்குக் காவல் உண்டு, ரோட்டருக்கு இல்லை. ஆகவே குளிர்கால நடைமுறை ஒன்றுதான்: மேகத்துக்குள் போகாதே, கீழே கடலை ஒட்டிப் பற. வட அட்லாண்டிக் நீரோட்டத்தால் நார்வே கடற்கரை நடுக்குளிரிலும் உறைவதில்லை. நீருக்கு மேலே சில நூறு அடிக்குப் பூஜ்யத்துக்கு மேற்பட்ட காற்று பெரும்பாலும் கிடைக்கும், பனி படிந்தால் அங்கே இறங்கி உருக்கிக்கொள்ளலாம். வடகோடியிலுள்ள ஃபின்மார்க் பீடபூமியில் அந்தத் தப்பிக்கும் வழி கிடையாது. கீழே போனாலும் உறைபனிதான். எனவே மலையைத் தாண்டி நேர்கோட்டில் போக வேண்டிய பணிக்கு ஃபியோர்டு ஃபியோர்டாக (மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல்நீர்ப் பள்ளத்தாக்கு) சுற்றிப் போவார்கள், ராத்திரியில், பனிப்பொழிவில், ரேடார் திரையை நம்பி. நேவிகேட்டர் சொல்லச் சொல்ல விமானி திருப்புவார். ஆண்டுக்கணக்கில் வண்டியின் வரம்பைக் குழுவின் திறமை ஈடுகட்டியது என்றே சொல்ல வேண்டும். அதே காரணத்தால், போக முடியாமல் திரும்பிய பணிகளும் உண்டு.

இறங்கும்போது பொடிப்பனி இன்னொரு வில்லங்கம். ரோட்டர் காற்றில் பனி எழும்பிச் சுற்றிலும் வெள்ளைச் சுவராகிவிடும், தரை எது என்றே தெரியாது. இரண்டு வழி உண்டு. உயரத்தில் நின்று பனியை ஊதித் தள்ளி, ஒரு பாறையோ மரமோ கண்ணில் நிலைத்த பிறகு இறங்குவது ஒன்று. நிற்காமல், பனிமேகம் பின்னால் இருக்கும்போதே தரையைத் தொட்டுவிடுவது மற்றொன்று. பாதியில் தயங்கி நிற்பதுதான் ஆகாது.

வின்ச் விஷயத்தில் குறை சொல்ல அதிகமில்லை. 600 பவுண்டு, அதாவது 272 கிலோ தாங்கும். மீட்பாளரும் மீட்கப்படுபவரும் சேர்ந்து ஏறப் போதும். எஃகுக் கயிற்றின் தடிமன் 5 மில்லிமீட்டர்கூட இருக்காது. கடல் வேலை முடிந்ததும் நன்னீரில் அலசி, முழு நீளத்தையும் இழுத்துத் துணியால் துடைப்பார்கள். அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். திடீரென்று தளர்ந்து சுண்டினால் வெளி இழைகள் கூண்டுபோல் விரியும், அந்தக் கயிறு அத்தோடு கழிவு. கப்பலில் சிக்கிக்கொண்டால் வண்டியைக் காப்பாற்ற வெடிப்பொறியால் கயிற்றைத் துண்டிக்கும் ஏற்பாடும் உண்டு.

ஆடும் மீன்பிடிக் கப்பலுக்கு நேராக ஆளை இறக்க மாட்டார்கள். முதலில் எடை கட்டிய மெல்லிய வழிகாட்டிக் கயிறு போகும்; டெக்கில் உள்ளவர் அதைப் பிடித்து மீட்பாளரைத் தன் பக்கம் இழுப்பார். அதை எக்காரணம் கொண்டும் கப்பலில் கட்டக் கூடாது, கையில்தான் வைத்திருக்க வேண்டும். வின்ச் கொக்கி வந்ததும் உடனே கையால் பிடிப்பதும் தவறு. உலர்ந்த பனிப்பொழிவில் பறந்த வண்டியில் நிலைமின்சாரம் சேர்ந்திருக்கும், கொக்கி முதலில் தண்ணீரையோ டெக்கையோ தொட்டுவிட வேண்டும். குளிர்நீரில் வெகுநேரம் கிடந்தவரைத் தூக்கும்போது அக்குளுக்குக் கீழே ஒரு பட்டை, முழங்காலுக்குக் கீழே ஒரு பட்டை என்று போட்டுக் கிடைநிலையில் தூக்குவார்கள். செங்குத்தாகத் தூக்கினால் ரத்தம் காலுக்கு இறங்கி, அதுவரை பேசிக்கொண்டிருந்தவர் வாசலுக்கு வருவதற்குள் நினைவிழப்பார், இதயமே நிற்கலாம்.

2019 மார்ச் 23-ல் வைக்கிங் ஸ்கை என்ற பயணிக் கப்பல் ஹூஸ்டாட்விகா கடற்பகுதியில் எஞ்சின் நின்று பாறைகளை நோக்கி மிதந்தது. எஞ்சினின் மசகு எண்ணெய் அளவு குறைவாக இருந்ததும் புயல் ஆட்டமும் சேர்ந்து எஞ்சின்கள் நின்றன. கப்பலில் 1,373 பேர். சீ கிங்குகளும் தனியார் ஹெலிகாப்டர்களும் மாறி மாறி 470-க்கு மேற்பட்டவர்களை வின்ச்சில் தூக்கின. அந்தச் சமயம் சீ கிங்குக்கு வயது 45-ஐத் தாண்டியிருந்தது.

அந்த வயதுதான் கடைசிக் காலத்துப் பிரச்சினை. தாழ்வாக நிற்கும்போது உப்பு நீர்த்திவலை எஞ்சின் கம்ப்ரசரில் படிந்து சக்தியைக் குறைக்கும், ஒவ்வொரு கடல் பணிக்குப் பிறகும் நன்னீரால் கழுவியாக வேண்டும். எத்தனை கழுவினாலும் ரிவெட் வரிசை, தரைப்பலகைக்கு அடியில் துரு நிற்காது. 2015-ல் பிரிட்டிஷ் விமானப்படை தன் மீட்பு சீ கிங்குகளை நிறுத்தியது. உதிரிபாகம் கேட்கும் ஆட்கள் குறைந்தால் அதைச் செய்து தரும் பட்டறையும் குறையும்.

புதிது வாங்கினால் தீர்ந்துவிடும் என்பதற்கு நார்வேயிலேயே எதிர்ச்சாட்சி உண்டு. கடலோரக் காவலுக்கும் நீர்மூழ்கி வேட்டைக்கும் என்று 2001-ல் 14 என்எச் 90 ஹெலிகாப்டர் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். 2022 ஜூன் வரை முழுத் தகுதியோடு வந்தவை 8. ஆண்டுக்கு 3,900 மணி நேரம் பறக்க வேண்டும் என்பது தேவை. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் கிடைத்தது சராசரியாக 700. ஒப்பந்தத்தை ரத்து செய்து, வண்டிகளைத் திருப்பித் தருவதாகவும் பணத்தைத் திருப்பிக் கேட்பதாகவும் அரசு அறிவித்தது. காகிதத்தில் அது சீ கிங்கைவிட எல்லா வகையிலும் மேல்.

மீட்புக்கு வந்தது வேறு வண்டி. 2013 டிசம்பர் 19-ல் 16 ஏடபிள்யூ 101-க்குக் கையெழுத்தானது. பெயர் கேட்ட மாதிரி இருந்தால் சரிதான். இந்தியா வி.ஐ.பி.க்களுக்கு வாங்கப் போய், ஊழல் புகாரில் 2014 ஜனவரி 1-ல் ரத்து செய்த அதே அகஸ்டா. ஊழல் வேறு, இயந்திரம் வேறு. நார்வே இதற்கு வைத்த பெயர் எஸ்ஏஆர் குயின் (எஸ்ஏஆர் என்றால் தேடுதல், மீட்பு). தொடக்கம் நல்ல சகுனமாக இல்லை: சோதனைக்கு வந்த முதல் வண்டி 2017 நவம்பரில் சூலா தளத்தில் தரையிலேயே சாய்ந்து நொறுங்கியது. சூலாவில் 2020 செப்டம்பரில் பணிக்கு வந்தது. தளம் தளமாக மாறி 2023 இறுதியில் ஃப்ளோரோவோடு சீ கிங் விடைபெற்றது.

புதியதில் மூன்று எஞ்சின், பிளேடின் முன்விளிம்பில் மின்சூடேற்றம், சுற்றிலும் பார்க்கும் ரேடார், இரண்டு வின்ச். டவர் இல்லாத மலையில் தொலைந்தவரின் செல்போன் சிக்னலைப் பிடிக்கும் கருவியும் உண்டு. கரையிலிருந்து 150 கடல்மைல் தொலைவில் 20 பேரை மீட்க வேண்டும் என்பது வாங்கும்போதே போட்ட நிபந்தனை. மேகத்துக்குள் நேர்கோட்டில் போக முடிவதே எனக்கு இதில் முதல் மதிப்பெண். மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் நோயாளிக்கு அதுதான் உயிர்.

தொல்லை கீழே வீசும் காற்றில். இரண்டு வண்டிக்கும் ரோட்டர் விட்டம் ஏறக்குறைய ஒன்றே: 18.9 மீட்டர், 18.6 மீட்டர். எடை மட்டும் ஒன்பதரை டன்னிலிருந்து பதினான்கரைக்கு மேல் போய்விட்டது. கணக்குப் போட்டால் ரோட்டர் வட்டத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சுமப்பது 34 கிலோவிலிருந்து 54-ஆகிறது. முழு எடையில் நிற்கும்போது கீழே வீசும் காற்று மணிக்கு சுமார் 85 கிலோமீட்டரிலிருந்து 105-ஐ எட்டும். புயல் எச்சரிக்கை விடும் வேகம் இது. சீ கிங் இறங்கிப் பழகிய மருத்துவமனைத் தளங்கள் சிலவற்றில் இது இறங்க முடியாமல், தள்ளி இறங்கி நோயாளியை ஆம்புலன்ஸில் ஏற்ற வேண்டியதானது. வண்டி வாங்கும்போதே தளங்களையும் இடித்துக் கட்டத் தொடங்கியிருக்க வேண்டும். கடலிலும் இதே கதை: உயிர்காப்புப் படகின் மேலே தாழ நின்றால் கவிழ்த்துவிடும், ஆகவே கயிற்றை நீளவிட்டு உயரே நிற்பார்கள். உயரே நின்றால் ஆள் ஊசலாடுவது கூடும்.

எண்ணிக்கையும் பிடிவாதமான கணக்கு. ஆறு தளம், தளத்துக்கு இரண்டு என்றால் 12. மிச்சமுள்ள நாலில் ஒன்றோ இரண்டோ பெரிய பராமரிப்பில் பிரித்துப் போட்டிருக்கும், ஒன்று பயிற்சிக்குப் போகும். ஒரு கியர்பாக்ஸ் வரத் தாமதமானாலே தளத்தின் இரண்டாவது வண்டி காணாமல் போகும். கனடா இதே குடும்பத்து வண்டி 15 வாங்கி, வால் ரோட்டர் நடுப்பாகத்தில் விரிசல் கண்டு பறக்கும் நேரத்தைச் சுருக்க வேண்டியிருந்தது. நார்வேயில் பார்க்க வேண்டியது வால் ரோட்டர் பகுதியின் ஆய்வு இடைவெளி, கியர்பாக்ஸ் இருப்பு, தளத்தில் நிற்கும் இரண்டாவது வண்டி மாதத்தில் எத்தனை நாள் உண்மையில் பறக்கும் நிலையில் இருந்தது என்ற பதிவேடு.