சிட்ரஸ்டாலில் ஓர் ஆரஞ்சுத் தோட்டம்: வழியில் இறங்கிப் பார்க்கத் தகுமா?

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் நமக்வாலாந்து மலர்களைக் காண என்7 நெடுஞ்சாலையில் வடக்கே செல்லும் கேப் டவுன் தமிழ்க் குடும்பங்கள், பீக்கனீர்ஸ்க்ளூஃப் கணவாயைத் தாண்டியதும் காபிக்காகப் பெட்ரோல் நிலையத்தில் வண்டியை நிறுத்துவதே வழக்கம். நகரிலிருந்து ஏறக்குறைய 170 கி.மீ. தொலைவில், ஒலிஃபண்ட்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த சிட்ரஸ்டாலில் ஒரு பழத்தோட்டத்துக்கு அந்த நேரத்தைக் கொடுக்கலாம் என்பது என் பரிந்துரை. ஆனால் எதை எதிர்பார்த்துச் செல்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நாங்கள் சென்றது சுற்றுலாவுக்கென அமைத்த இடமன்று. ஏற்றுமதிக்குப் பழம் விளைவிக்கும் குடும்பப் பண்ணை. சாலையோரக் கொட்டகையில் ஒரு கடை நடத்துகிறார்கள். கேட்டுக்கொண்டால், வேலைக்கு இடையூறு இல்லாத வரையில், அருகிலுள்ள மர வரிசைகளுக்குள் அழைத்துச் செல்கிறார்கள். டிராக்டர் சவாரியோ, நாமே பழம் பறிக்கும் வாய்ப்போ கிடையாது. குழந்தைகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அதுவே பிடித்திருந்தது.

பறிப்பைப் பார்க்க விடிந்ததும் விரைய வேண்டியதில்லை. பனி ஈரம் உலராத பழத்தைக் கையாண்டால் தோலிலுள்ள எண்ணெய் நுண்பைகள் உடைந்து, ஓரிரு நாளில் பழுப்புத் திட்டுகள் தோன்றிவிடும் என்பதால், வெயில் ஏறி இலைகள் காய்ந்த பிறகே வேலை தொடங்குகிறது. தோளில் கித்தான் பையை மாட்டிக்கொண்டு ஏணியில் நிற்பவர் பழத்தை இழுத்துப் பிய்ப்பதில்லை. சிறு கத்தரியால் காம்பை ஒட்ட நறுக்குகிறார். காம்பு சற்று நீண்டிருந்தாலும் அது பைக்குள் இருக்கும் அடுத்த பழத்தைக் குத்தும். குத்துப்பட்ட இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பை நிறைந்ததும் அதைத் தலைகீழாகக் கொட்டாமல், தொட்டியின் அடிவரை இறக்கி, பையின் கீழ்ப்புறத்துக் கொக்கியை விடுவித்துப் பழங்களை மெல்ல உருளவிடுகிறார். எங்களுடன் வந்திருந்த, கேப் டவுனின் ரைலண்ட்ஸ் பகுதியைச் சேர்ந்த பெரியம்மா ஒருவர், "முட்டையைக்கூட நாம் இப்படி எடுத்து வைக்கமாட்டோம்" என்றார்.

வரிசைகளின் ஓரத்தில் காற்றைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் நெருக்கமாக நிற்கின்றன. இளம் பிஞ்சு காற்றில் இலையோடும் கிளையோடும் உரசினால் ஏற்படும் தழும்பு, பழம் பருக்கும்போது கூடவே பெருத்துச் சாம்பல் நிறத் தேமல்போல் நின்றுவிடுகிறது. உள்ளே சுளைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆயினும் ஏற்றுமதித் தரத்திலிருந்து அந்தப் பழம் விலக்கப்படுகிறது. மெல்லிய தோலுடைய நார்ச்சி (மாண்டரின் ஆரஞ்சு) வகைகளுக்கு மேலே வெள்ளை வலை விரித்திருப்பது வெயிலையும் காற்றையும் தணிப்பதற்காக மட்டுமன்று. பூக்கும் காலத்தில் தேனீக்கள் பிற வகை மகரந்தத்தைக் கொண்டுவந்தால் பழத்தில் விதை பிடித்துவிடும், விதையுள்ள பழத்துக்கு வெளிநாட்டில் விலை குறைவு. இந்த ஊரில் 2007 முதல், மலடாக்கப்பட்ட அந்துப்பூச்சிகளைப் பெருக்கித் தோட்டங்களின் மேல் விடுவிக்கும் முறையும் நடைமுறையில் உள்ளது. பழத்தைத் துளைப்பது அந்தப் பூச்சியின் புழுவே; அதை அவ்வாறு கட்டுப்படுத்தாவிட்டால் ஐரோப்பியச் சந்தையில் நுழைவது கடினம். 1654இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து கேப்புக்கு வந்த ஆரஞ்சுக் கன்றுகளில் தொடங்கியது இந்தப் பயிர்; இன்று ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற சிட்ரஸ் பழங்களை ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளுள் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. இருநூறு ஆண்டுகளைக் கடந்த ஓர் ஆரஞ்சு மரமும் இதே பள்ளத்தாக்கில் நிற்கிறது. அது வேறொரு பண்ணையில் இருப்பதால் நாங்கள் பார்க்கவில்லை.

கடைக்கு வருவோம். இங்கே பாக்கெட் என்று சொல்லும் வலைப்பைகளில் விற்பவை பெரும்பாலும் அந்தத் தழும்புப் பழங்களே. கேப் டவுன் பேரங்காடி விலையில் ஏறக்குறைய பாதிதான். பறித்த பிறகு ஆரஞ்சு மேலும் இனிப்பதில்லை. ஆதலால் மேசையில் நறுக்கி வைத்திருக்கும் துண்டைச் சுவைத்துவிட்டு வாங்குவதே சரி. தயங்க வேண்டாம், அவர்களே எடுத்து நீட்டுகிறார்கள். தோலின் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அது குளிர்ந்த இரவுகள் தரும் நிறமே தவிர, இனிப்புக்கு உத்தரவாதமன்று. ஆரஞ்சு வகைகளில், ஆகஸ்டில் நேவல் முடியும் தறுவாயிலும் வலென்சியா தொடங்கும் நிலையிலும் இருக்கும். உரித்து உண்ண நேவலுக்கு நிகரில்லை. ஆனால் அதைப் பிழிந்து குளிர்ப்பெட்டியில் வைத்தால் சில மணி நேரத்தில் கசப்பு ஏறிவிடும். சாற்றுக்கு வலென்சியாவே வாங்க வேண்டும்.

ஊறுகாய் போடுபவர்கள் கூடுதலாக ஒன்று கேட்கலாம். ஒட்டுக்கட்டிய மரங்கள் சிலவற்றின் அடிமரம் முரட்டு எலுமிச்சை. அதிலிருந்து கிளைக்கும் முள் தளிரை வெட்டாமல் விட்டால் கரடுமுரடான தடித்த தோலுடன் காய்க்கும். பண்ணைக்காரர்களுக்கு அது களை. உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வெயிலில் வைக்கத் தெரிந்தவர்களுக்கு நாரத்தைக்குச் சற்றே குறைந்த சரக்கு. பெரியம்மா கேட்டதும், விலை வாங்காமல் ஒரு பை நிறையத் தந்தார்கள்.

குறைகளும் உண்டு. பெயர்ப்பலகை அஃப்ரிகான்ஸ் மொழியில் மட்டும், அதுவும் திருப்பத்துக்கு மிக அருகில் இருப்பதால், வேகமாக வருபவர் தவறவிடுவது உறுதி. கழிப்பறை ஒன்றே. மண் பாதையில் சக்கர நாற்காலியைத் தள்ளுவது இயலாது. கடையில் விற்கும் மார்மலேட் (ஆரஞ்சுத் தோல் ஜாம்) அளவுக்கு மீறிய இனிப்பு. அந்த விலைக்கு ரூய்போஸ் என்னும் மூலிகைத் தேயிலை வாங்கலாம். உணவு கிடைக்காது, புளிச்சோறு கட்டி எடுத்துச் செல்வது நல்லது. மழைக்காலத்தில் ஆற்றின் நிலையையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்; 2023 ஜூன் வெள்ளத்தில் இந்த ஊரே துண்டிக்கப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருந்தாலும் பறிப்பு இராது. மலர் பார்க்கும் பயணத்தை வெள்ளிக்கிழமை தொடங்க முடிந்தவர்கள், காலை பத்து மணிக்குமேல் இங்கே சென்று சேரும்படி புறப்படலாம்.