பழைய கணினியில் புதிய இயங்குதளம்: நிறுவல் பாதியில் விழும்போது எங்கே பார்ப்பது?

பழைய கணினியில் புதிய இயங்குதளம் ஏற்றும்போது பாதியில் நீலத்திரை வந்தால், பெரும்பாலோர் செய்வது அதே பென்டிரைவைச் செருகி முதலிலிருந்து தொடங்குவதுதான். இரண்டாம் முறையும் விழும். அப்புறம் வேறு பென்டிரைவ், வேறு ஐஎஸ்ஓ (இயங்குதளத்தின் நிறுவல் கோப்பு), கடைசியில் "இதுக்கு வயசாயிடுச்சு, தூக்கிப் போடு" என்ற தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு பல நேரங்களில் தவறானது. நிறுவல் எந்தக் கட்டத்தில், எந்த மாதிரி விழுகிறது என்று பார்த்தாலே காரணம் அநேகமாகப் பிடிபட்டுவிடும். மூன்று பழைய கணினிகளைப் பல வருடங்களாக விடாமல் ஓட்டிவருகிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

மூன்றில் ஒன்று கோர் 2 டுவோ மேசைக்கணினி, 4 ஜிபி டிடிஆர்2 ரேம். இரண்டாவது, நான்காம் தலைமுறை கோர் ஐ5 மடிக்கணினி. மூன்றாவது, ஏழாம் தலைமுறை ஐ5 மடிக்கணினி. விண்டோஸ் 11 வெளியான 2021 அக்டோபரிலிருந்தே இவை மூன்றும் மைக்ரோசாப்டின் ஆதரவுப் பட்டியலுக்கு வெளியேதான் இருக்கின்றன.

"நேற்று வரை நன்றாக ஓடியதே, புதுசு போடும்போது மட்டும் ஏன் விழுகிறது?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. நிறுவல் என்பது கணினிக்குச் சாதாரண நாள் வேலை இல்லை. பல ஜிபி அளவுள்ள சுருக்கப்பட்ட கோப்பை ரேமில் விரித்து, ஆயிரக்கணக்கான கோப்புகளாகப் பிரித்து, வட்டில் எழுத வேண்டும். தினமும் பிரவுசரும் வேர்டும் மட்டும் ஓடும் கணினியில் ரேமின் ஒரு மூலையில் இருக்கும் பழுது யார் கண்ணிலும் படாமலே கிடக்கும். விரிக்கும்போது ஒரே ஒரு பிட் மாறினாலும் சரிபார்ப்பு தோற்றுவிடும்; "கோப்பு சேதமடைந்துள்ளது" என்று செய்தி வரும். ஐஎஸ்ஓ மேல் சந்தேகப்பட்டு மறுபடி பதிவிறக்குவோம். ஐஎஸ்ஓவின் எஸ்எச்ஏ-256 மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற எண்) பதிவிறக்கிய தளம் தரும் மதிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டு ரேம் பக்கம் திரும்பலாம்.

ரேமைச் சோதிக்க நான் நம்புவது மெம்டெஸ்ட்86+. 2022-இல் வந்த ஆறாம் பதிப்பிலிருந்து அது பழைய பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்), அதன் இடத்தில் வந்த யூஇஎஃப்ஐ இரண்டிலும் ஓடுகிறது. விண்டோஸோடு வரும் நினைவகச் சோதனை மேலோட்டமானது. அதில் தேறிய ரேம் இதில் தோற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சுற்று போதாது, இரவு முழுக்க ஓடட்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஆகாது. "ஒண்ணுதானே" என்று விடக் கூடாது. என் மேசைக்கணினியில் இரண்டு வெவ்வேறு தயாரிப்பு ரேம் இருந்தது. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் தேறும், சேர்த்துப் போட்டால் பிழை வரும். பயாஸில் ரேம் வேகத்தை ஒரு படி குறைத்ததும் பிழை நின்றது, நிறுவலும் முடிந்தது. வேகம் குறைந்தது கண்ணுக்கே தெரியவில்லை.

அடுத்து வட்டு. வட்டு தன் உடல்நிலையைத் தானே பதிவுசெய்யும் வசதிக்கு ஸ்மார்ட் என்று பெயர். அதைக் காட்டும் எந்த மென்பொருளிலும் மூன்று வரிகளைப் பார்த்தால் போதும்: 05, சி5, சி7. 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. சி5 பூஜ்யமாக இல்லையென்றால் நிறுவலை நிறுத்திவிட்டு முதலில் தரவைக் காப்பாற்றுங்கள். சி7, அதாவது தரவுப் பரிமாற்றத்தில் வந்த பிழைகள், ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் வட்டு நல்லதுதான், அதை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள்தான் கெட்டிருக்கும். கேபிளை மாற்றுவது எவ்வளவு எளிது! ஆனால் வட்டையே மாற்றி வீணாகச் செலவு செய்பவர்கள் நிறையப் பேர்.

இது எதுவும் இல்லாமல், நீலத்திரைகூட வராமல், சட்டென்று கணினி அணைந்தால் அது மென்பொருள் விவகாரமே இல்லை. சூடு அல்லது பவர் சப்ளை. பிராசஸர் மேல் இருக்கும் தெர்மல் பேஸ்ட் பத்து வருடத்தில் காய்ந்து பொடியாகிவிடும். தூசியைத் தட்டி, பேஸ்ட் மாற்றி, மின்விசிறி சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடருங்கள். மேசைக்கணினி என்றால் மதர்போர்டில் தலை வீங்கிய கப்பாசிட்டர் இருக்கிறதா என்று ஒரு பார்வை. 2000-களின் முற்பாதியில் வந்த பல போர்டுகளுக்கு அது தெரிந்த வியாதி.

வன்பொருள் சுத்தம் என்று உறுதியான பிறகுதான் விண்டோஸ் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். விண்டோஸ் மேம்படுத்தல் நான்கு கட்டமாக நடக்கிறது. முதலாவது, பழைய விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடக்கும் தயாரிப்பு. அடுத்தது, ரீஸ்டார்ட் ஆகி ஒரு சிறிய தற்காலிகச் சூழலில் நடக்கும் வேலை. இதை சேஃப் ஓஎஸ் என்கிறார்கள். பிறகு புதிய இயங்குதளத்தின் முதல் பூட், கடைசியாக இரண்டாம் பூட். முதல் கட்டத்தில் விழுந்தால் வட்டில் இடம், ஆன்டிவைரஸ், ஒத்துவராத மென்பொருள் ஆகியவற்றைப் பாருங்கள். சேஃப் ஓஎஸ் கட்டத்தில் விழுந்தால் பயாஸ், வட்டுக் கட்டுப்பாட்டு டிரைவர் (சாதனத்தை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள்), வெளியே செருகியிருக்கும் சாதனங்கள். முதல் பூட்டில் விழுந்தால் ஏறக்குறைய எப்போதும் டிரைவர்தான்.

சி1900101 என்று முடியும் பிழை எண்ணைப் பார்த்தவர்கள் எண்ணற்றவர்கள். அது ஒரு தனிப் பிழையே இல்லை. டிரைவர் தொடர்பான கோளாறால் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டேன் என்கிற பொதுச் செய்தி. அதன் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கும், கட்டத்தைச் சொல்வது அதுதான். முன்னால் வரும் 0x-ஐ விட்டுவிட்டுப் பார்த்தால், 2-இல் தொடங்கினால் சேஃப் ஓஎஸ், 3-இல் தொடங்கினால் முதல் பூட், 4-இல் தொடங்கினால் இரண்டாம் பூட். முதல் எண்ணை மட்டும் தேடுபொறியில் போட்டுத் தலைசுற்றிப் போகிறவர்கள் இரண்டாவது எண்ணைக் கவனிப்பதே இல்லை.

எந்த டிரைவர் என்று யூகிக்கத் தேவையில்லை. சி டிரைவில் மறைந்திருக்கும் நிறுவல் ஃபோல்டருக்குள் சோர்சஸ், அதற்குள் பாந்தர் என்று ஒரு ஃபோல்டர் உண்டு. அங்கே செட்அப்ஆக்ட், செட்அப்எர் என்று இரண்டு லாக் கோப்புகள் இருக்கும். நிறுவல் பின்வாங்கியிருந்தால் ரோல்பேக் ஃபோல்டரையும் பார்க்க வேண்டும். நீளமான லாக்கைப் படிக்கப் பொறுமை இல்லையென்றால் மைக்ரோசாப்டே தரும் செட்அப்டயாக் என்ற இலவசக் கருவி அதைப் படித்துக் காரணத்தை எடுத்துச் சொல்லும். நான்காம் தலைமுறை மடிக்கணினியில் மேம்படுத்தல் மறுபடி மறுபடி முதல் பூட்டில் விழுந்தது. லாக் சுட்டியது மெமரி கார்டு ரீடரின் டிரைவரை. யாரும் பயன்படுத்தாத சாதனம் அது. பயாஸில் அதை முடக்கி, டிவைஸ் மேனேஜரில் டிரைவரையும் நீக்கியதும் நிறுவல் ஒரே ஓட்டமாக முடிந்தது. வழக்கமாகச் சந்தேகப்பட வேண்டியவை இன்னும் சில உண்டு: பழைய வைஃபை அட்டை, மெய்நிகர் சிடி டிரைவ் உருவாக்கும் மென்பொருள், விபிஎன் மென்பொருள்கள் விட்டுச்சென்ற நெட்வொர்க் டிரைவர்கள், வெளி ஆன்டிவைரஸ். ஆன்டிவைரஸை நிறுத்திவைத்தால் போதாது. அதன் டிரைவர் உள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும். முழுதாக நீக்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

விண்டோஸ் 7 காலத்தில் பிரிக்கப்பட்ட வட்டுகளில் இன்னொரு தொல்லை. சிஸ்டம் ரிசர்வ்டு என்ற பகுதி வெறும் 100 எம்பி. அது நிரம்பியிருந்தால், சி டிரைவில் எவ்வளவு இடம் இருந்தாலும் பயனில்லை. இந்த நிலையில் பகுதியை நீட்டி மல்லுக்கட்டுவதைவிட, பேக்கப் எடுத்துக்கொண்டு வட்டை முழுதாக அழித்து நிறுவுவதே மேல் என்பேன்.

நிறுவி முடித்த முதல் பூட்டிலேயே "இனாக்ஸசிபிள் பூட் டிவைஸ்" என்று நீலத்திரை வந்தால் பயாஸில் சாட்டா பயன்முறையை (கணினி வட்டோடு பேசும் விதம்) பாருங்கள். ஐடிஇ, ஏஎச்சிஐ, ரெய்டு என மூன்றில் ஒன்று இருக்கும். இயங்குதளம் ஒரு பயன்முறையில் நிறுவப்பட்டு, நடுவில் அது வேறொன்றுக்கு மாறியிருந்தால் இயங்குதளத்துக்குத் தன் வட்டே தெரியாது. பயாஸ் பேட்டரி தீர்ந்த கணினிகளில் இது தானாகவே நடக்கும்: மின் இணைப்பை எடுத்ததும் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குப் போய்விடும், தேதியும் பல வருடம் பின்னால் போகும். சிஆர்2032 என்ற சின்ன நாணயப் பேட்டரி அது. பழைய கணினியைத் திறக்கும்போதே அதை மாற்றிவிடுவது என் வழக்கம்.

இனி, எத்தனை முயன்றாலும் தீராத ஒன்று. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் வசதி), பிராசஸர் பட்டியல் ஆகியவை எல்லாம் நிறுவியில் வைத்திருக்கும் சோதனைகள். ரூஃபஸ் என்ற கருவி மூலம் பென்டிரைவ் தயாரிக்கும்போதே டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை எடுத்துவிட முடியும். ஆனால் 24எச்2 பதிப்பிலிருந்து விண்டோஸின் கருவே (கெர்னல்) எஸ்எஸ்இ4.2, பாப்கவுன்ட் ஆகிய பிராசஸர் கட்டளைகளைப் பயன்படுத்துகிறது. கோர் 2 டுவோவில் அவை கிடையாது. அங்கே ஏமாற்ற எந்தச் சோதனையும் இல்லை; பிராசஸருக்கு அந்தக் கட்டளையே தெரியாது, பூட் ஆகாது. முதல் தலைமுறை கோர் ஐ வரிசையிலிருந்து அவை இருப்பதால் என் மடிக்கணினிகள் இரண்டும் தப்பித்தன. இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் கோர் 2 டுவோவோடு இரவெல்லாம் போராடுபவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. அங்கே லினக்ஸ்தான் வழி.

லினக்ஸ் நிறுவும்போது வரும் கறுப்புத் திரையைப் பலர் க்ராஷ் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் கணினி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கிராஃபிக்ஸ் மட்டும் எழும்பவில்லை. பூட் மெனுவில் இ விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் நோமோட்செட் (nomodeset) என்பதைச் சேர்த்தால் அடிப்படைத் திரையில் நிறுவலாம். பழைய என்விடியா அட்டை உள்ளவர்களுக்கு இது அடிக்கடி தேவைப்படும். பிறகு நூவோ என்ற திறமூல டிரைவரோடு இருந்துவிடுவது நிம்மதி. ஜிஃபோர்ஸ் 8, 9 வரிசைகளுக்கான 340 டிரைவரை என்விடியா எப்போதோ நிறுத்திவிட்டது. புதிய கெர்னலில் அதைப் பொருத்தப் போனால் ஒவ்வொரு கெர்னல் புதுப்பிப்பிலும் பிரச்சினைதான். 32 பிட் மட்டுமே தெரிந்த பிராசஸர் என்றால் கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் அதற்கான நிறுவல் வட்டே இல்லை.

நிறுவிய பிறகு எப்படி ஓடுகிறது? நான்காம் தலைமுறை மடிக்கணினியில் விண்டோஸ் 11 நிலையாக இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன்; வேகத்தில் பெரிய மாற்றம் தந்தது அது ஒன்றுதான். மாதாந்திரப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வருகின்றன. வருடாந்திரப் பெரிய பதிப்பு தானாக வரவில்லை, ஒவ்வொரு முறையும் புது ஐஎஸ்ஓ கொண்டு கையால் ஏற்ற வேண்டியிருக்கிறது. நினைவக ஒருமைப்பாடு என்ற பாதுகாப்பு வசதியை அணைத்துவைத்திருக்கிறேன். அது வேகமாக ஓடத் தேவையான வன்பொருள் வசதி இன்டெலில் ஏழாம் தலைமுறையில்தான் வந்தது. அதற்கு முந்தையவற்றில் மென்பொருளே அந்த வேலையைச் செய்வதால் கணினி தளர்கிறது. ஏழாம் தலைமுறைக் கணினியில் அது இயக்கத்திலேயே இருக்கிறது, தொந்தரவு இல்லை.

விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாத கணினிகளில் கெர்னல் க்ராஷ் 52 சதவீதம் அதிகம் என்று மைக்ரோசாப்ட் 2021-இல் சொன்னது. அந்தக் கணக்கை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கணினிகளில் ரேமையும் டிரைவரையும் சரிசெய்த பிறகு நீலத்திரை அபூர்வமாகிவிட்டது. வந்ததும் பெரும்பாலும் தானாகப் புதுப்பிக்கப்பட்ட கிராஃபிக்ஸ் டிரைவரால். பழைய டிரைவருக்குத் திரும்பினால் சரியாகிவிடும். ஒரு கணினியில் நன்றாக ஓடும் டிரைவர்களை எக்ஸ்போர்ட் செய்து தனி பென்டிரைவில் வைத்திருங்கள். விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்ம் (DISM) கட்டளையாலேயே செய்யலாம். தயாரிப்பாளர் பழைய மாடலுக்கான பக்கத்தை எடுத்துவிட்டால் பிறகு எங்கும் கிடைக்காது.

கோர் 2 டுவோ இப்போது எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைச்சூழல் போட்ட லினக்ஸில் இருக்கிறது. தட்டச்சு, மின்னஞ்சல், கணக்குத் தாள் எல்லாம் தாராளம். வீடியோதான் சிரமம். இன்று தளங்கள் அனுப்பும் விபி9, ஏவி1 வடிவங்களைப் பிரிக்க அந்தக் காலக் கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தெரியாது, முழுப் பாரமும் பிராசஸர் தலையில். 480பி-க்கு மேல் போகாமல் பார்த்தால் ஓடும். பிரவுசரில் நான்கைந்து டேப் திறந்தால் 4 ஜிபி நிறைந்துவிடுவதால், ரேமில் உள்ளதைச் சுருக்கிவைக்கும் இசட்ரேம் வசதியை இயக்கியிருக்கிறேன், அது உதவுகிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டதால் இந்த வேலையில் இறங்குபவர்கள் இப்போது அதிகம். அவசரம் வேண்டாம். தனிநபர்களுக்கான நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை புதுப்பிப்புகள் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குள் ஓர் இரவு மெம்டெஸ்ட் ஓட்டி, ஸ்மார்ட் வரிகளைப் பார்த்து, டிரைவர்களைச் சேமித்துவைக்க நேரம் இருக்கிறது. ஏற்கெனவே மேம்படுத்திவிட்டு இப்போது தடுமாறுகிறவர்களும் முதல் 10 நாட்களுக்குள் என்றால் செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதி வழியாகவே பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். அதுவரை பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை மட்டும் அழித்துவிடாதீர்கள்.