உரிமை உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?

'பராதீனம்' (உரிமையைக் கைமாற்றுதல்) என்ற சொல் திருகோணமலையில் காதில் விழுவது பெரும்பாலும் காணி விடயத்தில்தான். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி (1935) கந்தளாயில் பெர்மிட் (அரச காணிக்கான அனுமதிப்பத்திரம்) வைத்திருப்பவர் அனுமதியில்லாமல் வயலை விற்க முடியாது. நிபந்தனை மீறினால் அரசு பெர்மிட்டை ரத்துச் செய்யலாம். அதாவது விற்க முடியாது, பறிக்கலாம். மனித உரிமை பராதீனப்படுத்த முடியாதது என்கிறோமே, அது எந்த வகை?

பிறப்போடு வருவது என்பது ஒரு தரப்பு. 1948 டிசம்பர் 10 உலக மனித உரிமைப் பிரகடனம் அப்படித்தான் தொடங்குகிறது. அரசு தராததை அரசு எடுக்க முடியாது. சொந்தமாக உறுதிப்பத்திரம் உள்ள உறுதிக் காணி மாதிரி. ஆனால் பிரகடனத்தை மட்டும் காட்டி இங்கே ஒரு மனுவும் போட முடியாது.

சட்டம் தந்தால்தான் உரிமை என்பது எதிர்த்தரப்பு. பிரகடனத்துக்கு 25 நாள் முன்பு நடைமுறைக்கு வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. உரிமைக்குச் சட்டம் மட்டும்தான் ஊற்று என்றால், அதை அநியாயம் என்று சொல்ல வாயே இருக்காது. என் சாய்வு பிறப்புத் தரப்புக்கு; காரணம் இதுதான்.

1978 அரசியலமைப்பு இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. 3ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமைகளும் அடங்கிய மக்கள் இறைமையைப் பராதீனப்படுத்த முடியாதது என்கிறது. சித்திரவதைத் தடைக்கு (11) மட்டுப்பாடே கிடையாது. அதை மாற்றுவதென்றால் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும். பேச்சுச் சுதந்திரம் (14) பிரசைக்கு மட்டும், அதையும் 15ஆம் உறுப்புரை மட்டுப்படுத்த விடுகிறது. உயிர் வாழும் உரிமையோ எழுதப்படவேயில்லை. 2003இல் உயர் நீதிமன்றம் (நாட்டின் அதியுயர் நீதிமன்றம்) அதை, நீதிமன்றக் கட்டளையின்றி மரண தண்டனை கூடாது என்கிற 13(4)இலிருந்து வாசித்தெடுத்தது.

நடைமுறையில் ஆளை விழுத்துவது நாட்கணக்கு. மார்ச் 3 கிண்ணியாவில் ஒருவர் சட்டவிரோதமாகக் கைதானால், ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கலாக வேண்டும். திருகோணமலை நீதிமன்றங்கள் அதை ஏற்காது. கைக்கெட்டியது மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம். அதன் முடிவு பரிந்துரை மட்டுமே. ஆனாலும் அந்த ஒரு மாதத்துக்குள் அங்கே முறையிட்டால், விசாரணை நிலுவையிலுள்ள காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தோடு திரும்பிவிடுவதுதான் பலர் விடும் பிழை. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு நீதிமன்றம் ஆதாரம் கேட்கும். ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் திகதியோடு எடுத்து வையுங்கள்.